யாரோ கட்டிய பரண்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நவம்பர் மாதம் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். குளிர் தொடங்கும் நேரத்தில் யாராவது அங்கே போவார்களா என்று எல்லாரும் கேட்டார்கள். டிக்கெட் மலிவாகக் கிடைத்தது, அவ்வளவுதான்.

தங்கையின் கணவர் ஈப்போக்காரர். டெட்ராய்ட் பக்கம் வேலைக்குப் போய்ப் பதினெட்டு வருடமாகிவிட்டது. அங்குள்ள நண்பர் ஒருவரிடம் மான் வேட்டை கற்றுக்கொண்டு, முறையாக லைசென்ஸ் எடுத்து, ஆண்டுதோறும் போய் வருகிறார். மானைச் சுடலாமா என்று முகம் சுளிக்க வேண்டாம். அங்கே மான்கள் பெருகிக் கிடக்கின்றன. எவ்வளவு சுடலாம் என்று மாநில அரசே வரையறுத்திருக்கிறது. என் தங்கை செய்யும் மான் இறைச்சிப் பிரட்டலைச் சாப்பிட்டவர்கள் அதற்கு மேல் கேள்வி கேட்பதில்லை.

துப்பாக்கியால் மான் சுடும் பருவம் அங்கே நவம்பர் 15-ஆம் தேதி தொடங்கி 30-இல் முடிகிறது. முதல் நாள் கிட்டத்தட்டத் திருவிழா. வடபகுதியில் சில பள்ளிகளே அன்று விடுமுறை விட்டுவிடுகின்றன. "சும்மா வேடிக்கை பார்க்க வாங்க மச்சான்" என்று எனக்கும் ஓர் ஆரஞ்சு நிற மேலங்கியை மாட்டிவிட்டு, முந்தின நாளே மூன்று மணி நேரத்துக்கு மேல் காரோட்டி மனிஸ்டி தேசிய வனத்துக்கு அழைத்துப் போனார்.

அது பொது நிலம். யாரும் போகலாம். விடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்ச் சேர்ந்தோம். ஆனால் மாப்பிள்ளை வழக்கமாக உட்காரும் இடத்தின் அருகே வேறொரு வண்டி நின்றது. முணுமுணுத்துக்கொண்டே வேறு பாதையில் நடந்தார். நெற்றி விளக்கு வெளிச்சத்தில், பனி பூத்த சருகுகளை மிதித்துக்கொண்டு நான் பின்னால் போனேன். கால் மணி நேரம் நடந்த பிறகு ஒரு பெரிய மரம். அதில் சாய்த்துக் கட்டிய இரும்பு ஏணி. ஏணியின் உச்சியில் இரண்டு பேர் உட்காரும் இருக்கை. 'ட்ரீ ஸ்டாண்ட்' என்கிறார்கள். நம் மொழியில் பரண்தான்.

ஏணியில் ஒரு பிளாஸ்டிக் தகடு. அதில் பெயரும் முகவரியும்.

"இதுல யாரோட பேரோ இருக்கே மாப்பிள்ளை?"

"இருந்தா என்ன மச்சான்? நிலம் அரசாங்கத்தோடது. முதல்ல வந்தவங்களுக்குத்தான். போன மாசமே இதைப் பார்த்து வச்சேன்."

அவர் சொன்னது பொய்யில்லை. பொது நிலத்தில் பரண் வைப்பவர் தன்னை அடையாளம் காட்டும் விவரத்தை அதில் எழுதி வைக்க வேண்டும் என்கிறது மிச்சிகன் விதி. அதே விதிதான், பெயர் எழுதியிருப்பதாலேயே அந்த இடம் அவருக்கு மட்டும் உரியதாகிவிடாது என்றும் சொல்கிறது. மின்னசோட்டா மாநிலத்தில் இன்னும் வெளிப்படை: பொது நிலத்தில் நீங்கள் கட்டிய மறைவிடம் உங்கள் சொத்தே இல்லை, பொதுவானது. சட்டம் அத்தோடு நின்றுவிடுகிறது. மிச்சமுள்ளதை வேட்டைக்காரர்கள் தங்களுக்குள் பேசி வைத்திருக்கிறார்கள். ஆளில்லாப் பரணில் உட்காரலாம், கட்டியவர் வந்தால் இறங்கிவிட வேண்டும் என்பார் சிலர். அடுத்தவர் பரணைத் தொடவே கூடாது என்பார் சிலர். இருட்டில் யாராவது நடந்து வந்தால் விளக்கை ஒருமுறை காட்டி 'இங்கே ஆள் இருக்கிறது' என்று தெரிவிக்க வேண்டும். அதில் மட்டும் யாருக்கும் மாற்றுக் கருத்தில்லை. இதெல்லாம் பிறகு மாப்பிள்ளையே சொல்லித் தெரிந்துகொண்டதுதான்.

ஏறி உட்கார்ந்தோம். அப்படியொரு குளிரை நான் கேமரன் மலையில்கூட அனுபவித்ததில்லை. ஆறரை மணி இருக்கும், தூரத்தில் ஒரு வெளிச்சம் அசைந்து வந்தது. மாப்பிள்ளை தன் விளக்கைப் போட்டு அணைத்தார். வந்த வெளிச்சம் அப்படியே நின்றது. சற்று யோசித்துவிட்டு மெதுவாக மரத்தடிக்கே வந்தது.

வயதான வெள்ளைக்காரர். கூடவே பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன். தலைக்குப் பெரிதான ஆரஞ்சுத் தொப்பி அவன் கண்களை மறைத்தது. பெரியவர் காலை வணக்கம் சொன்னார். மாப்பிள்ளை பதிலுக்கு, "இது பொது நிலம், சார்" என்றார்.

"உண்மைதான்" என்றார் அவர். "நல்லபடியாக அமையட்டும்." பையனின் தோளைத் தொட்டுத் திருப்பினார். பையன் மட்டும் எங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றான்.

அந்தப் பார்வையை எனக்குத் தெரியும்.

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் வளர்ந்தவன் நான். அப்பா பால்மரம் வெட்டிய நேரம் போக, தோட்ட எல்லைக்கு வெளியே ஒரு துண்டு நிலத்தில் மரவள்ளி போட்டிருந்தார். அதுவும் அரசாங்க நிலம்தான். காட்டுப்பன்றி வந்து கிழங்கைக் கிளறாமல் இருக்க நாலு மரத்துண்டும் அத்தாப்புக் கூரையுமாக ஒரு பரண் கட்டினார். இரவில் அதில் உட்கார்ந்து மண்ணெண்ணெய் டின்னைத் தட்டுவோம். ஒரு சனிக்கிழமை இரவு நாங்கள் போனபோது மண்டோரின் மைத்துனர், டவுனிலிருந்து துப்பாக்கியோடு வந்த ஒருவரை அழைத்துக்கொண்டு அங்கே ஏறி உட்கார்ந்திருந்தார். "இன்னைக்கு நாங்க இருக்கோம், நீ போ" என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துத் திருப்பினார். நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தேன்.

எங்களுக்குப் பன்றி வரக்கூடாது. அவர்களுக்குப் பன்றி வரவேண்டும். வரட்டும் என்று சத்தம் போடாமல் காத்திருந்திருக்கிறார்கள். மறுநாள் காலை பாதி மரவள்ளி மண்ணோடு கிடந்தது. அதைப் பற்றி அப்பா கடைசிவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

"மாப்பிள்ளை, இறங்கலாம்" என்றேன்.

"எதுக்கு? சட்டப்படி நமக்கு உரிமை இருக்கு."

"இருக்கு. சின்னப் பையன் நிக்கிறான், இறங்குங்க."

அவர் அசையவில்லை. நான் தனியாக இறங்கத் தொடங்கினேன். அறுபது வயதில், விறைத்த விரல்களோடு அந்த ஏணியில் இறங்கியதை நினைத்தால் இப்போதும் முழங்கால் நடுங்குகிறது. பெரியவர் திரும்பி வந்து, "வேண்டாம், முதலில் வந்தவர் நீங்கள்" என்று கையை ஆட்டினார். எனக்கு வந்த ஆங்கிலத்தில், "உங்கள் பேரனா?" என்று கேட்டேன். ஆமாம், அவனுக்கு இதுதான் முதல் பருவம் என்றார். மேலே மாப்பிள்ளை குண்டுகளைக் கழற்றும் சத்தம் கேட்டது. துப்பாக்கியைக் கயிற்றில் கட்டி இறக்கினார். பிறகு அவரும் இறங்கினார்.

பெரியவர் நன்றி சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு புதுப் பட்டையை எடுத்தார். மரத்தோடு ஏணியைக் கட்டியிருந்த பட்டைகளில் இடப்பக்கத்துப் பட்டை நைந்துபோயிருந்தது. அதை மாற்றத்தான் அவ்வளவு சீக்கிரம் வந்தாராம். விளக்கடித்துக் காட்டினார். அணில் கடித்ததோ வெயிலில் இற்றதோ, பாதி நூல் பிரிந்து தொங்கியது. நாங்கள் இரண்டு பேர், எங்கள் எடைக்கு, ஒரு மணி நேரமாக அதன்மேல் உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தேன். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை.

சற்றுத் தள்ளிச் சதுப்பு ஓரத்தில் ஒரு மரம் விழுந்து கிடக்கிறது, அதன் பின்னால் உட்காருங்கள் என்று பெரியவரே வழி காட்டினார். உட்கார்ந்தோம். மான் வரவில்லை. ஒன்பது மணி வாக்கில் பரண் இருந்த திசையில் ஒரே ஒரு வெடிச் சத்தம் கேட்டது. பையன் சுட்டானா, தாத்தா சுட்டாரா, பட்டதா என்று நாங்கள் போய்ப் பார்க்கவில்லை.

காரில் ஏறி வெகுநேரம் மாப்பிள்ளை பேசவில்லை. நெடுஞ்சாலைக்கு வந்த பிறகு சொன்னார்: "உங்களுக்குத் தெரியாது மச்சான். இந்தக் காட்டுல நம்ம நிறத்துல வேற யாரையும் நான் பார்த்ததில்ல. ஒரு இடத்துல உட்கார்ந்துட்டு எழுந்து கொடுத்தா, பயந்து கொடுத்தான்னுதான் நினைப்பாங்க. பதினெட்டு வருசமா எழுந்து கொடுத்துக்கிட்டேதான் இருக்கேன்."

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பெரியவர் அப்படி நினைத்திருக்க மாட்டார் என்று சொல்லலாம். ஆனால் அவரைப் போன்றவர்களையே மாப்பிள்ளை பதினெட்டு வருடமும் சந்தித்திருப்பாரா என்ன? அதனால் அப்பாவின் பரண் கதையை மட்டும் சொன்னேன். "மாமா ஒண்ணுமே சொல்லலியா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

கடந்த ஆண்டு அவர் சொந்தமாக ஒரு பரண் வாங்கினார். செப்டம்பர் 1-ஆம் தேதிக்கு முன் பொது நிலத்தில் வைக்கக் கூடாது என்பதால் அதுவரை அது வீட்டுக் கார் கொட்டகையில் கிடந்தது என்று தங்கை புலம்பினாள். பிறகு அதே வனத்தில், பெரியவரின் மரத்திலிருந்து வெகுதூரம் தள்ளிக் கட்டி, தன் பெயரையும் முகவரியையும் எழுதிப் படம் பிடித்து அனுப்பினார். நவம்பர் 15, இங்கே இரவு நேரம், போன் வந்தது.

"மச்சான், நம்ம பரண்ல எவனோ உட்கார்ந்திருந்தான்."

"ஐயோ. என்ன பண்ணீங்க?"

"விளக்கைப் போட்டு அணைச்சேன். அவனும் போட்டு அணைச்சான். இறங்கல."

"அப்புறம்?"

"காலை வணக்கம் சொல்லிட்டு, வலப்பக்கப் பட்டை கொஞ்சம் தளர்வா இருக்கு, ஆடாம உட்காருன்னு சொல்லிட்டு வந்துட்டேன். கீழே ஈரத்துல உட்கார்ந்து இப்போ இடுப்பு வலிக்குது, மச்சான்."