கைவிட்டாரும் கைகொடுத்தாரும்

நன்றிக்கு நாயை எடுத்துக்காட்டுவது நம் வழக்கம். வகுப்பிலே மாணவர்க்கு நானும் அதைச் சொல்வதுண்டு. அந்த நன்றிக்கு மனிதன் செலுத்தும் கைம்மாறு யாது என அறிய விரும்புவோர், நாய்கள் காப்பகம் ஒன்றின் வாயிலில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் போதும்.

சென்னைப் புறநகரில் உள்ள அத்தகைய காப்பகம் ஒன்றுக்கு ஞாயிறுதோறும் செல்கிறேன். கூண்டு கழுவுவதும் சோறு வைப்பதும் என் பணி. அங்குள்ளவை எல்லாம் தெருவிலே பிறந்தவை அல்ல; கழுத்துப் பட்டையுடன் வந்தவை பல. வேலை மாற்றம் வந்தது, விட்டனர். வாடகை வீட்டார் மறுத்தனர், விட்டனர். பெருமைக்காக வாங்கிய பனிநாட்டு ஹஸ்கி சென்னை வெயிலில் சோர்ந்தது, அதையும் விட்டனர்.

"அவிழ்த்துவிட்டால் எங்கேனும் பிழைத்துக்கொள்ளும்" என்கின்றனர். பிழைக்குமா? வீட்டிலே வளர்ந்ததற்கு இரை தேடவும் தெரியாது. சாலை கடக்கவும் தெரியாது. புதிய நாயை எந்தத் தெரு நாய்களும் எளிதில் சேர்ப்பதில்லை. காப்பகமோ நெரிசல் மிக்கது. குட்டிகளிடையே பார்வோ நோய் புகுந்தால் ஒன்றன்பின் ஒன்றாக மடியும்.

வளர்த்த விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது குற்றம் என 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் கூறிற்று. முதற்குற்றத்திற்கு அது வகுத்த தண்டம், பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை! ஓர் உயிர் வைத்த நம்பிக்கைக்கு இதுவோ விலை?

2024ஆம் ஆண்டு மழைக்காலத்தில் செந்நிற நாட்டு நாய் ஒன்று வந்தது. வயது பத்துக்கு மேல், ஒரு கண்ணில் பார்வையில்லை, காலிலே புண். கதவு திறக்கும் ஒலி கேட்டால் எழுந்து நிற்கும். வந்தவர் தன் வீட்டார் அல்லர் என அறிந்ததும் படுத்துவிடும். மூன்று நாள் உணவைத் தொடவில்லை.

நாய் கேட்டு வருவோரோ, "குட்டியா? உயர்ந்த இனமா?" என்றே வினவினர். பிறப்பைக் கேட்டுத் தகுதியை அளக்கும் நோய், நாயையும் விட்டபாடில்லை!

இரவுப்பணி முடித்து வந்த செவிலியர் ஒருவர் கையால் ஊட்டி அதை உண்ணவைத்தார். ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்று, கூலி வாங்க மறுத்தார். துணிக்கடையில் பணிபுரியும் பெண், புண் ஆறும்வரை தம் வீட்டுத் திண்ணையில் இடமளித்தார். இறுதியில், ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர் அழைத்துச் சென்றார். கிழ நாயை ஏன் தேர்ந்தீர்கள் எனக் கேட்டேன். "எனக்கும்தான் வயதாகிவிட்டது தம்பி. வயதானால் வீட்டைவிட்டுத் துரத்துவதா?" என்றார்.

இந்நால்வரும் ஒருவரையொருவர் அறியார். தோஷம் நீங்கும் எனச் சோதிடர் சொன்னதால் ரொட்டி கொண்டுவந்து போடுவாரும் அங்கு உண்டு. கணக்குத் தீர்ந்ததும் அவர் வரவும் தீரும். இவர்களோ புண்ணியக் கணக்கு எழுதவில்லை. துன்பம் கண்டனர், உதவினர்.

"வெறிநாய்க்கடியால் மக்கள் மடிகையில் நாய்க்கு இரக்கமா?" எனத் தோழர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். கடிபட்டவனை மந்திரிக்க அழைத்துச் செல்வது மடமை. அடித்துக் கொல்லத் தடியெடுப்பது ஆத்திரம். இரண்டும் நோயைத் தடுக்கா. 1885இல் லூயி பாஸ்டர் தடுப்பூசியால் வழிகாட்டினார். 1907இல் குன்னூரிலேயே அவர் பெயரால் நிலையம் எழுந்தது. நூற்றுக்கு எழுபது நாய்களுக்கு ஊசியிட்டால் நோய் பரவும் சங்கிலி அறுபடும் என்கிறது அறிவியல். ஊசியும் கருத்தடையும் இன்றிக் கைவிடப்படும் நாய், அச்சங்கிலிக்குப் புதுக் கண்ணியாகிறது. நாயைக் காப்பதும் மனிதனைக் காப்பதும் இங்கே ஒரே வேலை.

ஆகவே தோழர்களே, விலை கொடுத்து இனம் வாங்காதீர். காப்பகத்திலிருந்து ஓர் உயிரை அழைத்து வாருங்கள். இயலாதாயின் இரு வாரம் இடங்கொடுங்கள். அதுவும் இயலாதாயின் ஓர் ஊசிக்குப் பணம் கொடுங்கள். ஒருவரே முழுச்சுமையும் தாங்க வேண்டியதில்லை. நால்வர் தோள்கொடுத்தால் ஓர் உயிர் பிழைக்கிறது.