கணுக்காலில் இரண்டு மூட்டுகள்

மூங்கிலிலும் கரும்பிலும் கணு என்பது வளையாத இடம். உடம்பில் மட்டும் அச்சொல், கணுக்கால் என்று வளைந்துகொடுக்கும் இடத்துக்குப் பெயராக நிற்கிறது. புறத்தே புடைத்துத் தெரிவதை வைத்து மொழி இட்ட பெயர் அது. அகத்தே நடப்பதைச் சொல்வதில்லை. பெயர் ஒன்றாயினும் அங்கே இயங்கும் மூட்டுகள் இரண்டு.

கீழ்க்காலின் எலும்புகளான டிபியாவும் ஃபிபுலாவும் சேர்ந்து, தச்சர் மரத்தில் வெட்டும் காடிபோல் ஒரு பள்ளத்தை அமைக்கின்றன. அதில் தாலஸ் என்னும் எலும்பு பொருந்திப் பாதத்தை மேலும் கீழும் அசையவிடுகிறது. தாலஸின் மேற்பரப்பு முன்புறம் அகன்றும் பின்புறம் குறுகியும் இருக்கிறது. எனவே பாதம் மேல்நோக்கி மடங்கும்போது மூட்டு இறுகுகிறது. விரல்நுனி தாழும்போது தளர்கிறது. படியிறங்குகையில் கால் பிசகுவதற்கு இத்தளர்வும் ஒரு காரணம். இரண்டாவது மூட்டு தாலஸுக்கும் குதிகால் எலும்புக்கும் இடையில் உள்ளது. பாதத்தை உட்புறமும் வெளிப்புறமும் சாய்ப்பது அதுவே. இவ்விரு மூட்டுகளுக்கும் பொதுவான தாலஸில் ஒரு தசைகூட ஒட்டியிருக்கவில்லை. மேலிருந்து இறங்கும் எடையையும் கீழிருந்து ஏறும் நிலத்தின் கோணலையும் அது வாங்கிப் பகிர்கிறது, அவ்வளவே.

குந்தி அமரும்போது டிபியாவின் முன்விளிம்பு தாலஸின் கழுத்தைத் தொடுகிறது. பல்லாண்டுகள் தொட்ட தடம் எலும்பில் சிறு வழவழப்பான பரப்பாகப் பதிகிறது. லாகூரில் உடற்கூறியல் கற்பித்த ஹாவ்லாக் சார்லஸ், பஞ்சாபியரின் எலும்புகளில் கண்ட இத்தடங்களை 1893இல் விவரித்தார். ஒரு பழக்கத்தின் தடத்தை ஓர் இனத்தின் கூறாகப் பார்க்கும் அக்காலப் போக்கு அவர் எழுத்திலும் உண்டு. அதை விலக்கினால் எஞ்சுவது இது: அமரும் முறையை எலும்பு எழுதி வைத்துக்கொள்கிறது.

1950களில் கலிபோர்னியாவில் உருவான செயற்கைப் பாதத்தில் இந்த எழுத்துக்கு இடமில்லை. அதன் பெயரே திடக் கணுக்கால், மெத்தைக் குதிகால் என்ற பொருளுடையது. காலணி அணிந்து, சமதரையில் நடந்து, நாற்காலியில் அமர்வோருக்கு அது போதும். அவர்களை மனத்தில் கொண்டு செய்யப்பட்டதைக் குறை கூறுவதற்கில்லை. குறை, அதை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்தியதில் இருந்தது. ஜெய்ப்பூரின் சவாய் மான் சிங் மருத்துவமனையில் எலும்பியல் மருத்துவராக இருந்த பிரமோத் கரண் சேத்தி, நோயாளிகள் அத்தகைய கால்களைக் கைவிட்டு ஊன்றுகோலுக்குத் திரும்புவதைக் கண்டார். தரையில் சம்மணமிடவும் குந்தவும் முடியவில்லை. உழுத நிலத்தில் பாதம் சாயவில்லை. காலணியின்றி நடக்க வழியில்லை. நடக்கவைத்த கால், வீட்டுக்குள்ளும் வயலுக்குள்ளும் அவர்களை அன்னியராக்கியது.

1968 வாக்கில் சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் உருவாக்கிய பாதம், மூட்டைப் பொறியாக நகலெடுக்கவில்லை. குதிகாலிலும் முன்பாதத்திலும் மென்மையான நுண்துளை ரப்பர்க் கட்டைகள். கணுக்கால் பகுதியில் மரம். அனைத்தையும் சுற்றி ரப்பர் உறை. அச்சில் வைத்து வெப்பமூட்டி இவற்றை ஒன்றாக்கினர். முழுநீளத்துக்கும் ஓடும் கெட்டியான நடுக்கட்டை இல்லாததால் ரப்பர் எல்லாப் பக்கமும் வளைந்தது. இரண்டாம் மூட்டின் வேலை, மூட்டே இல்லாமல் நடந்தது. விரல்களும் தோல்நிறமும் கொண்ட அப்பாதம் சேற்றிலும் நீரிலும் வெறுங்காலாக இறங்கியது.

சேத்திக்கு 1981இல் மகசேசே விருது கிடைத்தது, உரியதே. சர்மாவின் பள்ளிப்படிப்பு மிகக் குறைவு. மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் கைத்தொழில் கற்பித்துவந்தவர் அவர். எந்தக் கட்டை எங்கே மென்மையாக இருக்க வேண்டும், எங்கே கெட்டியாக இருக்க வேண்டும் என்பதைத் தம் கையால் செதுக்கித் தேர்ந்தவர். ஜெய்ப்பூர் பாதம் பற்றிப் பேசும் வகுப்புகளில் பெரும்பாலும் முதல் பெயரே ஒலிக்கிறது.