குதிரைக்குப் பேப்பர் இருக்கா?

எங்க திருச்சுழி பக்கத்துல குதிரைன்னா அது அய்யனார் கோயில் மண்குதிரைதான். கண்மாய்க்கரையில பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கும். உசுரோட இருக்கிற நல்ல குதிரைகளை நான் பக்கத்துல நின்னு பார்த்தது போன ஆடி மாசம், அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில.

சென்னை நண்பர் ஒருத்தருக்குப் பண்ணை வீட்டுல குதிரை வளர்க்கணும்னு ஆசை. "நீங்க ஆடு மாடு பார்த்து வாங்குறவர், கூட வாங்க"ன்னு கூப்பிட்டார். போனேன். மார்வாரி, கத்தியவாரி, மட்டக்குதிரைன்னு வரிசையாக் கட்டியிருந்தாங்க. ஒரு வெள்ளைக் குதிரைக்கு முன்னால நண்பர் நின்னுட்டார்.

"சுத்த மார்வாரி சார்."

"பேப்பர் இருக்கா?"

"பேப்பர் மேல ஏறியா சவாரி போகப் போறீங்க? காதைப் பாருங்க, சுழியைப் பாருங்க."

காது ரெண்டும் உள்பக்கமா வளைஞ்சு, நுனியோட நுனி முட்டிக்கிட்டு நின்னுச்சு. எனக்கும் சுழி பார்க்கத்தான் தெரியும், பேப்பர் பார்க்கத் தெரியாது. வாங்காமத் திரும்பினோம். ஊருக்கு வந்து அந்தப் பேப்பர்னா என்னன்னு தேடிப் படிச்சேன்.

குதிரையில இந்தக் கணக்கு ரொம்பக் கறாரானது. பந்தயக் குதிரையான தரோபிரெட்டுக்கு இங்கிலாந்துல வெதர்பி என்பவர் 1791லேயே வம்சாவளிப் புத்தகம் போட ஆரம்பிச்சுட்டார். தாயும் தகப்பனும் அந்தப் புத்தகத்துல இருந்தாத்தான் குட்டிக்கு இடம். இன்னிக்கு டி.என்.ஏ. சோதனையும் உண்டு. சினை ஊசி போட்டுப் பிறந்த குட்டியைச் சேர்க்கவே மாட்டாங்க. மார்வாரிக்கு 2009ல் புத்தகம் வந்தது. ஆள் வந்து குதிரையை அளந்து, அங்க அடையாளம் குறிச்சு, போட்டோ எடுத்து, பதிவு எண்ணை உடம்புல முத்திரையாப் போடுறாங்க. பிறவி வெள்ளையா இருந்தா, கோயிலுக்கும் சாமி காரியத்துக்கும் உசத்தி, ஆனா பதிவு கிடையாது. நண்பர் மயங்கி நின்ன குதிரை பிறவி வெள்ளைன்னா, எந்தப் பேப்பரும் கிடைச்சிருக்காது!

இது தனித்தனிக் குதிரைக்கான பதிவு. இன்னொண்ணு, இனத்துக்கே செய்யுற பதிவு. அதை ஹரியானா மாநிலம் கர்னாலில் இருக்கிற தேசிய விலங்கு மரபு வளங்கள் பணியகம் செய்யுது. இந்த இனம் எந்த வட்டாரத்துது, எத்தனை உருப்படி இருக்கு, தோற்றத்துல என்ன தனித்துவம், என்ன பிரயோஜனம்னு விவரம் கொடுத்து, மத்த இனங்களிலிருந்து வேறன்னு காட்டணும். அந்தப் பட்டியல்ல மார்வாரி, கத்தியவாரி, மணிப்பூரி, ஸ்பிதி, ஜான்ஸ்காரி எல்லாம் இருக்கு. சமீபத்துல மகாராஷ்டிராவின் பீம்தடியும் சேர்ந்தது. தமிழ்நாட்டுக் குதிரை ஒண்ணுகூட இல்ல.

நம்ம பாண்டியர்கள் குதிரைக்குக் கொட்டாத பணமா? மாணிக்கவாசகர் கதையே குதிரை வாங்கப் போன கதைதானே. சுழி பார்த்துக் கட்டின பரியெல்லாம் ராத்திரி நரியாப் போச்சு. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில வந்த மார்கோ போலோ, காயல் துறைமுகத்துல அரபு நாட்டுக் குதிரை வந்து இறங்கினதை எழுதியிருக்கார். வருஷா வருஷம் ஆயிரக்கணக்குல வாங்கினாங்களாம். பராமரிக்கத் தெரிஞ்ச ஆள் இல்லாம அதுகள்ல பெரும்பாலானது செத்துப் போகுமாம். நல்ல பெட்டையையும் நல்ல ஆணையும் சேர்த்தாலும் கால் கோணின சவலைக் குட்டிதான் பிறக்குமாம். செத்ததுக்குப் பதிலா மறுபடி வாங்கிக்கிட்டாங்க. வாங்குறதுக்கு ராஜா இருந்தார். வளர்த்து, கழிச்சு, நல்ல ஆணை நிறுத்தி வைக்க ஆள் இல்ல. பணம் இருந்தா குதிரை வாங்கலாம், இனம் வாங்க முடியாது.

அதே பட்டியல்ல எங்க ஆடு இருக்கு. வேம்பூர் செம்மறி. பொட்டு ஆடுன்னு சொல்லுவோம். வெள்ளை உடம்புல செம்பொட்டு, தொங்கின காது, கிடாவுக்கு மட்டும் கொம்பு. எங்களுக்குத் தெற்கே வேம்பூர், நாகலாபுரம் பக்கம் இதுக்குப் பூர்வீகம். இதுக்கு எந்த ராஜாவும் பணம் கொட்டலை. கரிசல்ல கருவேலங்காய் பொறுக்கித் தின்னு, கிடை போட்ட காட்டுல படுத்து எந்திரிச்சு உருவான இனம். எந்தக் கிடாவைப் பொலிக்கு விடணும், எதைக் கறிக்குத் தள்ளணும்னு கீதாரிகள் மனசுலயே புத்தகம் வச்சிருந்தாங்க.

இனத்துக்குப் பதிவு இருக்குன்னா ஆட்டுக்கு ஆபத்தில்லைன்னு நினைச்சிருந்தேன். அது இல்ல. பட்டியல்ல பேர் மட்டும் இருக்கும். பட்டியில என்ன நிக்குதுங்கிறது என் கையில.

அதுல தப்புப் பண்ணினவன் நானே. அப்பா கடைசி வரைக்கும் பொலிகிடாவை விக்க மாட்டார். அவர் போன மறுவருஷம், பக்ரீத்துக்கு நல்ல விலை வரவும் வித்துட்டேன். எடை கூடும்னு வெளியூர்ச் செங்கிடா ஒண்ணைப் பிடிச்சு வந்து விட்டேன். எடை கூடத்தான் செஞ்சது. இந்தத் தை மாசம் பதினோரு குட்டி விழுந்துச்சு. பொட்டு இருந்தது மூணே மூணு.

தெரிஞ்ச கீதாரி பெரியவர் ஒருத்தரைக் கூட்டி வந்து காட்டினேன். குட்டிகளை ஒவ்வொண்ணாத் தூக்கிப் பார்த்தார்.

"தம்பி, கிடா பாதி மந்தைல்லா. ஒரு ஈத்துல போனதைத் திருப்ப நாலு ஈத்து ஆகும். ஆரம்பிச்சிரு."

அவர் மந்தையிலிருந்தே ஒரு பொட்டுக்கிடாக் குட்டி பேசி வாங்கிட்டேன். செங்கிடாவை வித்தாச்சு. ஒரு பழைய கணக்கு நோட்டுல தாய், தகப்பன், பிறந்த தேதின்னு கோடு போட்டு எழுதுறேன். கர்னாலுக்குக் காட்ட இல்ல, எனக்கு மறந்துரக் கூடாதுன்னுதான்.

கிடா வளர்ந்துருச்சு. பக்ரீத்துக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு, அதுக்குள்ள யாவாரி வந்து விலை கேட்டுட்டுப் போயிட்டார். இல்லன்னுட்டேன். வீட்டுக்காரி கேட்டா: "அப்ப பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ்?"

அவ கேக்குறதும் நியாயந்தான். ரெண்டு வெள்ளாட்டைப் பிடிச்சுக் கொடுக்கலாம்னு இருக்கேன்.