பெரியவர்களின் டிவி கட்டணத்தை நிறுத்தும் முன்

பிள்ளைகளே, ஈப்போவில் பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீடுகளில் இப்போது ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. "இருக்கிறது ரெண்டே பேர். மாசா மாசம் டிவிக்கு இவ்வளவு காசு கட்டணுமா? யூடியூப்பில் எல்லாம் சும்மாவே வருதே!" என்று கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பிள்ளைகள் கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. பால்மரம் வெட்டி ஓய்ந்தவர்களின் இபிஎஃப் சேமநிதிப் பணம் எவ்வளவு நாள் தாங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். மாதம் நூறு வெள்ளியை மிச்சம் பிடித்தால் மருந்துக்கு ஆகும், கறி மீனுக்கு ஆகும்.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். வயதானவர்கள் வீட்டில் ஒரு செலவை வெட்டும் முன், அதன் விலையை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். அதை அனுபவிக்கிறவரிடம் கேளுங்கள். முடிவையும் அவரிடமே விடுங்கள்.

டிவிக்குக் காசு கட்டுவது நம் குடும்பங்களுக்குப் புதிதல்ல. 1963 டிசம்பர் 28ஆம் தேதி துங்கு அப்துல் ரஹ்மான் நம் நாட்டில் தொலைக்காட்சியைத் தொடங்கி வைத்தார். டிவி வாங்கியவர் லைசென்ஸ் எடுக்க வேண்டும். ஆண்டுக்கு 24 வெள்ளி, அதாவது மாதம் இரண்டு வெள்ளி. எங்கள் அம்மா அந்த லைசென்ஸை ஐசி, பிறப்புப் பத்திரங்களோடு தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார்.

அப்போது தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், மின்சாரம் என்றால் இஞ்சின் ஓடும் நேரம் மட்டும்தான். அது நின்றால் இருட்டு. அதனால் டிவி வைத்திருந்த வீட்டார் கார் பேட்டரியில் ஓட்டினார்கள். பேட்டரியை சைக்கிளின் பின்னால் கட்டி, டவுனுக்குக் கொண்டுபோய் சார்ஜ் போட்டு வருவார்கள். தமிழ்ப்படம் போடும் நாளில் லயமே அந்த வீட்டு ஐந்தடி வராந்தாவில் கூடிவிடும். பெரியவர்கள் பலகையில், பிள்ளைகள் சிமெண்டுத் தரையில். பேட்டரி இறங்க இறங்கத் திரையில் படம் நான்கு பக்கமும் சுருங்கி உள்ளே போகும். கடைசியில் கதாநாயகன் உள்ளங்கை அளவுக்கு வந்துவிடுவான். அப்போதும் யாரும் எழுந்து போகமாட்டார்கள்.

லைசென்ஸ் பணம் கட்டியது ஒரு வீடு, பார்த்தது ஒரு லயம். நாட்டு அளவிலும் அப்படித்தான் நடந்தது. ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்ட பணத்தில், எண்ணிக்கையில் சிறிய நம் சமுதாயத்துக்கும் ஒரு தமிழ்ச் செய்தி, ஒரு தமிழ்ப்படம், சில நாடகங்கள் கிடைத்தன. எங்கள் தோட்டத்துப் பெண்கள் பலர் அதற்கு முன் தமிழில் ஒரு செய்தி அறிக்கைகூடப் பார்த்ததில்லை. கோலாலம்பூரில் என்ன சட்டம் வருகிறது, அடையாளக் கார்டு விஷயத்தில் என்ன செய்ய வேண்டும், தடுப்பூசி எங்கே போடுகிறார்கள் என்பதெல்லாம் அந்தப் பெட்டிதான் அவர்களுக்குச் சொன்னது. மாதம் இரண்டு வெள்ளிக்கு அது தகும் என்று அன்றே அம்மா சொல்வார். எனக்கும் அதில் சந்தேகம் இருந்ததில்லை.

பிறகு காலம் மாறியது. தமிழர் ஆனந்த கிருஷ்ணனின் அஸ்ட்ரோ என்ற கட்டண டிவி 1996இல் வந்தது. நாள் முழுக்கத் தமிழ் பேசும் வானவில் வந்தது, சன் டிவி வந்தது. அரசாங்கமும் டிவி லைசென்ஸை எடுத்துவிட்டது. அதே காலத்தில் பேராக்கின் ரப்பர் தோட்டங்களும் ஒவ்வொன்றாகக் கைமாறின. சில செம்பனையாயின, சில வீடமைப்புத் திட்டங்களாயின. கோலகங்சாரில் 1877இல் முதல் கன்றுகள் ஊன்றப்பட்ட மாநிலத்தில், பால்மரம் வெட்டிப் பிழைத்தவர்கள் புந்தோங்குக்கும் சிம்மோருக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் மலிவு விலை வீடு தேடிப் போனார்கள். லயத்தில் கதவைத் திறந்தால் பத்து வீட்டுக்காரர் முகம் தெரியும். புது வீட்டில் கதவைத் திறந்தால் இரும்பு கேட்.

பெரியவர்களின் டிவி செலவை இந்த இடத்திலிருந்து பார்க்க வேண்டும். காலையில் சாமி பாட்டு, மதியம் நாடகம், இரவு தமிழ்ச் செய்தி, தைப்பூசத்தன்று பத்துமலை நேரடி ஒளிபரப்பு என்று அவர்கள் நாளுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு மணி கேட்டு ஆயுள் முழுக்க நேரத்துக்கு நடந்தவர்களுக்கு, மணி அடிக்காத நாள் மிகவும் நீளம். நாடகம் முடிந்தால் மாத்திரை, செய்தி முடிந்தால் சாப்பாடு என்று அந்த நாளை நகர்த்துவது டிவிதான். மறுநாள் கோவிலில் பக்கத்தில் உட்காருகிறவரிடம் பேசுவதற்கும் அதில்தான் விஷயம் கிடைக்கிறது.

"போனில் பார்க்கலாமே" என்பீர்கள். கண்புரை எடுத்த கண்ணுக்குப் போன் திரை சிறியது. ஒவ்வொரு முறையும் எதைப் பார்ப்பது என்று தேடித் தொட வேண்டும். விரல் தவறினால் வேறு எங்கோ போய் நிற்கும். டேட்டாவும் சும்மா வருவதில்லை. ரிமோட்டில் இரண்டு பொத்தான் தெரிந்தால் போதும் என்பது வயதானவர்களுக்குப் பெரிய விடுதலை.

அதற்காகக் கட்டுகிற பணமெல்லாம் நியாயம் என்று நான் சொல்லவில்லை. யாரும் திறந்தே பார்க்காத விளையாட்டுச் சேனலுக்கும் ஆங்கிலப் படச் சேனலுக்கும் மாதாமாதம் பணம் போகும் வீடுகளை எனக்குத் தெரியும். பிள்ளைகள் வீட்டில் இருந்தபோது எடுத்த பேக்கேஜ், பிள்ளைகள் கல்யாணமாகிப் போன பிறகும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். அது வீண்தான். ஆனால் எது வீண் என்று தெரிய வேண்டுமானால், லீவுக்கு வரும்போது அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எந்தச் சேனல், எத்தனை மணிக்கு, யாரோடு பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். பில்லை எடுத்து வரி வரியாகத் தமிழில் படித்துக் காட்டுங்கள். "இது வேணுமா, இது வேணாமா" என்று கேளுங்கள்.

குறைந்த செலவில் வழியும் இருக்கிறது. 2019 அக்டோபர் 31ஓடு நாடு முழுவதும் பழைய அனலாக் ஒளிபரப்பு நின்று, மைடிவி என்ற டிஜிட்டல் சேவை வந்துவிட்டது. புதிய டிவியாக இருந்தால் ஒரு யுஎச்எஃப் ஏரியல் போதும், பழைய டிவிக்கு ஒரு டிகோடர் வேண்டும். அதற்கு மாதக் கட்டணம் கிடையாது. அரசாங்க ஒளிபரப்பான ஆர்டிஎம்மின் தமிழ்ச் செய்தி வரும், மின்னல் எஃப்எம் வானொலியும் டிவியிலேயே கேட்கலாம். ஈப்போ டவுனிலும் புந்தோங்கிலும் கிளேடாங் மலை நிலையத்தின் அலை நன்றாகவே கிடைக்கும். சுண்ணாம்புக் குன்றுகளுக்குப் பின்னால் இருக்கிற வீட்டில் அலை மறையலாம். அங்கே 2012இல் வந்த என்ஜோய் என்ற செயற்கைக்கோள் சேவை உதவும். தட்டும் டிகோடரும் ஒருமுறை வாங்கினால் இலவசச் சேனல்களைப் பார்க்கலாம். ஆனால் சாயங்கால மழை கொட்டும்போது தட்டு வேலை செய்யாது. இதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், டிவி கெட்டுப்போனதென்று அவர்கள் பதற வேண்டாம்.

இரவுச் சந்தையில் "ஒரே காசு, ஆயுசுக்கும் எல்லாச் சேனலும்" என்று விற்கும் கள்ள ஆண்ட்ராய்டு பெட்டியை மட்டும் வாங்கிக் கொடுக்காதீர்கள். 2022இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டத்தில் அதை விற்பது குற்றம். என்றைக்கு அது நின்றுபோகும் என்று விற்றவருக்கே தெரியாது. நின்ற அன்று உங்கள் அப்பா யாரைக் கூப்பிட்டுக் கேட்பார்?

டிவிக்குக் காசு கட்டுவது தகுமா என்ற கேள்வி நம் ஊரோடு நிற்பதில்லை. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 110 டாலர் டிவி லைசென்ஸ் இருந்தது, 2011இல் எடுத்துவிட்டார்கள். பிரிட்டனில் 75 வயது தாண்டிய எல்லோருக்கும் டிவி லைசென்ஸ் இலவசமாக இருந்தது. 2020 ஆகஸ்டிலிருந்து ஓய்வூதிய உதவி பெறும் வருமானம் குறைந்த வீட்டுக்கு மட்டும்தான் இலவசம், மற்ற பெரியவர்கள் கட்ட வேண்டும் என்றானது. அங்கே எழுந்த எதிர்ப்பு சிறியதல்ல. தனியாக இருக்கும் முதியவருக்கு டிவி ஒரு துணை என்பதைத்தான் எதிர்த்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பணக்கார நாட்டிலும் இந்தக் கணக்கு வெறும் கூட்டல் கழித்தலாக முடியவில்லை.

நம் நாட்டில் லைசென்ஸ் போய்விட்டாலும் பொது ஒளிபரப்புக்கு நாம் பணம் கொடுப்பது நிற்கவில்லை. ஆர்டிஎம்முக்கு அரசாங்கம் ஒதுக்கும் பணத்தில் நம் வரியும் இருக்கிறது. அதில் வரும் தமிழ் நேரம் நமக்கு உரிமையானது. அதைப் பார்க்க வேண்டும், கேட்க வேண்டும், தரம் குறைந்தால் எழுதிச் சொல்ல வேண்டும். கட்டணம் கட்ட முடியாத பாட்டிக்கும் தமிழில் செய்தி வர வேண்டுமானால், கட்ட முடிந்த நாம் அந்தப் பொதுச் சேவையைக் கைவிடக் கூடாது. மாதம் இரண்டு வெள்ளி கட்டிய காலத்தில் லயத்துக்காரர்கள் எனக்குக் கற்றுக்கொடுத்தது இதுதான்.

ஆகவே, வயதானவர்கள் டிவிக்குக் காசு கட்டுவது தகுமா என்று கேட்டால் என் பதில் இது: அவர்கள் பார்ப்பதற்குத் தகும், பார்க்காததற்குத் தகாது. அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று தூரத்திலிருந்து தெரியாது. ஆயுள் முழுக்கத் தோட்டத்தில் தண்டலும் (மேற்பார்வையாளர்) கிராணியும் (எழுத்தர்) சொன்னபடி நடந்தவர்கள் அவர்கள். தங்கள் வீட்டு டிவியில் எது ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமையையாவது கடைசி வரை அவர்களிடமே விட்டுவையுங்கள். பில்லைக் கட்டும் கை உங்களுடையதாக இருந்தாலும், "வேணும், வேணாம்" என்று சொல்லும் வாய் அவர்களுடையதாக இருக்கட்டும்.