முழங்கை நரம்பு

முழங்கையை மேசை விளிம்பில் இடித்துக்கொண்டு, விரல்நுனிவரை மின்சாரம் பாய்ந்தாற்போலத் துடிக்காத பிள்ளை எமது வகுப்பில் இல்லை. அவ்விடத்தில் நரம்பொன்று தோலுக்கு வெகு அருகே ஓடுகிறது. தொழுநோயை ஐயுறும் வைத்தியர் விரல் வைத்துப் பார்க்கும் இடங்களுள் அதுவும் ஒன்று. நோய் பற்றிய நரம்பு தடித்திருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன், மாத்தளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து நடந்துவந்து எம்மிடம் படித்த எட்டாந்தர மாணவன் ஒருவனின் முன்கையில் வெளிறிய படையொன்றைக் கண்டோம். தமிழ்ப் பட்டம் பெற்ற எமக்கு மருத்துவம் என்ன தெரியும்? ஆயினும் தெரிந்தவர்போல அவனைக் கடைசி வாங்கில் தனியே அமர்த்தினோம். நோயின் பெயரை நாம் சொல்லவில்லை; சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. இரண்டே நாளில் வகுப்பு முழுவதும் அதை முணுமுணுத்தது. மூன்றாம் நாள், கொழுந்தெடுக்கும் வேலையை விட்டுவிட்டு, ஒருநாட் சம்பளத்தையும் இழந்து, அவனுடைய தாய் வந்து நின்றார்.

“சேர், புள்ள ஏதும் தப்பு பண்ணிட்டானா?”

அவர்களுடன் நாமும் வைத்தியசாலைக்குச் சென்றோம். கண்ணை மூடச் செய்து வைத்தியர் பஞ்சுநுனியால் படையைத் தொட்டார். பையன் தொட்ட இடத்தைச் சரியாகக் காட்டினான். பின் இரு முழங்கைகளையும் தடவிப் பார்த்து, “இந்த வயதுக்கு இவ்வளவுதான் இருக்கும்” என்றார். வெறுந் தேமல்!

அந்த ‘இவ்வளவு’ எவ்வளவு என்ற கேள்வி எம்மை விடவில்லை. வைத்தியரின் விரலுக்குத் தெரிந்த அளவை ஏட்டில் எழுத வழி இருக்கிறதா? தேடிப் படித்தோம். கர்ப்பிணிகளைப் பார்க்கும் ஸ்கான் கருவியின் வகையைச் சேர்ந்த, இன்னும் நுண்மையான கழியொலிக் கருவி நரம்பின் குறுக்குவெட்டைத் தேன்கூடு போலக் காட்டும். அதன் பரப்பைச் சதுர மில்லிமீற்றரில் அளக்கலாம். ஊசியில்லை, மின்னதிர்ச்சியில்லை, பிள்ளை அஞ்ச ஏதுமில்லை. ஐதராபாத்து ஆய்வாளர் 2009இல் தொழுநோயாளரின் நரம்புகளை இவ்வாறு அளந்து, நலமுள்ளோரின் நரம்புகளோடு ஒப்பிட்டு எழுதினர். 2 முதல் 17 வயதுவரையான நலமுள்ள பிள்ளைகளின் அளவுகள் 2020இல் ஜேர்மனியிலிருந்து வெளிவந்தன. பிள்ளை வளர வளர நரம்பும் பருக்கிறது.

இங்குதான் எமக்கு ஐயம் எழுகிறது. 2016ஆம் ஆண்டின் நாடளாவிய கணக்கெடுப்பின்படி, தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் ஏறக்குறைய 32 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமற்றவர்கள். நாடு முழுவதற்கும் அது 17 வீதம். அரைவயிற்றுச் சோற்றில் வளர்ந்த பதின்மூன்று வயதுப் பையனைப் பாலும் வெண்ணெயும் உண்டு வளர்ந்த பதின்மூன்று வயதுப் பையனின் அளவுகோலால் அளந்தால், சற்றே தடித்த நரம்பும் ‘சரியான’ நரம்பென்று தப்பிவிடக்கூடும். நோயாளியை அறிய முதலில் நலமுள்ளவனை அளக்கவேண்டும். அந்த நலமுள்ளவன் எங்கள் தோட்டத்துப் பிள்ளையாகவும் இருக்கவேண்டுமல்லவா?

பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவு என்ற நிலையை இலங்கை 1995இல் எட்டியது. அதன் பின்னும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளர் காணப்படுகின்றனர். அவர்களுள் ஏறக்குறையப் பத்திலொருவர் பிள்ளை. மருந்து இலவசம், உட்கொள்ளத் தொடங்கிய சிறிது காலத்திலேயே நோய் பிறருக்குத் தொற்றாது. தனி வாங்கு எந்த மருத்துவ நூலிலும் மருந்தாகச் சொல்லப்படவில்லை.

பையன் மறுநாளே பாடசாலைக்கு வந்தான். வகுப்பறிய எமது தவற்றை ஒப்புக்கொண்டு, முன் வாங்குக்கு வரும்படி அழைத்தோம். “இருக்கட்டும் சேர்” என்றான். அவ்வாண்டு முடியும்வரை அவன் கடைசி வாங்கைவிட்டு எழுந்து வரவில்லை.