முதுகு சுவரில் முட்டும் இடம்

பேரன் போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து வந்தான். பையைத் திண்ணையில் இறக்குவதற்கு முன்பே செல்போனை நீட்டினான்.

"ஐயா, 18-400 ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். ஒரே லென்ஸ், எல்லாத்துக்கும் ஆச்சு. வாங்கிடவா?"

காரைக்குடியில் நாற்பது வருஷம் ஸ்டுடியோ நடத்தியவன் நான். 'எல்லாத்துக்கும் ஆச்சு' என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். மாப்பிள்ளையைப் பற்றித் தரகர் அப்படிச் சொன்னால், இன்னும் நாலு பேரிடம் விசாரித்துவிட்டுத்தானே பேச்சை எடுப்போம்?

அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "இதுவரைக்கும் எடுத்த படமெல்லாம் எந்த அளவுல எடுத்தே?" முழித்தான். அவன் கையில் இருப்பது நிக்கான் டி5600, கூடவே வந்த 18-55 லென்ஸ். எந்தப் படத்தை எத்தனை மில்லிமீட்டரில் எடுத்தோம் என்பதை அந்தக் கேமராவே ஒவ்வொரு படத்தோடும் எழுதி வைக்கிறது. எங்கள் காலத்தில் அதை நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும், பாதி நாள் குறிக்க மறந்துவிடும். மடிக்கணினியைத் திறந்து இரண்டு பேருமாக உட்கார்ந்து பார்த்தோம்.

பாதிக்கு மேல் 18-ல் எடுத்தவை. அவற்றிலும் பலவற்றில் ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. ஒன்றில் வளவுத் தூண் பாதி, இன்னொன்றில் அப்பத்தாவின் தோள் பாதி. அடுத்ததாக 55-ல் கொஞ்சம், அத்தனையும் முகங்கள். கம்பியில் உட்கார்ந்த மைனா ஒன்று, இரண்டு படங்களில் கடுகு மாதிரித் தெரிந்தது. 400 கேட்டது அந்த மைனாதான்.

தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் நான் சொல்ல வேண்டியது கிட்டத்தட்ட இவ்வளவுதான். ஆனால் விவரம் தெரியாமல் தலையாட்டினால் பயனில்லை. அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

பழைய ஃபிலிமில் ஒரு படத்தின் அளவு 36-க்கு 24 மில்லிமீட்டர். படம் விழும் தகடு அதே அளவில் இருந்தால் அந்தக் கேமராவை 'ஃபுல் ஃபிரேம்' என்பார்கள். 'கிராப் சென்சார்' கேமராவில் படம் விழும் தகடு நிக்கான், சோனி, ஃபியூஜி கம்பெனிகளில் சுமார் 23.5-க்கு 15.6. கேனனில் அதைவிடக் கொஞ்சம் சிறியது. லென்ஸ் உள்ளே அனுப்பும் காட்சி மாறுவதில்லை, அதில் நடுப்பகுதி மட்டும் பதிகிறது. நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு பெரிய ஜன்னலுக்குப் பதில் சின்ன ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பது போல. அதனால்தான் லென்ஸில் போட்டிருக்கும் எண்ணை 1.5-ஆல் (கேனன் என்றால் 1.6-ஆல்) பெருக்கிப் பார்க்கச் சொல்கிறார்கள். 18 என்பது ஃபிலிம் கணக்கில் 27, 55 என்பது ஏறக்குறைய 82.

இதை நம் வீட்டுக்குள் கொண்டுவந்து பார்ப்போம். பட்டாலைக் கூடத்தில் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு, 12 அடி தள்ளி உட்கார்ந்திருக்கும் குடும்பத்தை எடுக்கிறீர்கள். 18-ல் சுமார் பதினைந்தரை அடி அகலம் விழும். 16-ல் பதினேழரை. இரண்டு மில்லிமீட்டருக்கு இரண்டு அடி வித்தியாசம். குடும்பப் படத்தில் இரண்டு அடி என்றால் ஒரு ஆள். ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஆயாவோ, கோபித்துக்கொண்டு தள்ளி நிற்கும் சித்தப்பாவோ, யாரோ ஒருவர் படத்துக்கு வெளியே போய்விடுவார். மறுமுனையில் 50-க்கும் 55-க்கும் உள்ள வித்தியாசம் அரை அடி. அங்கே குறைந்தால் ஒரு எட்டு முன்னால் வைத்துச் சரிசெய்துகொள்ளலாம். அகலத்தில் குறைந்தால் பின்னால் சுவர் இருக்கிறது. அதனால் லென்ஸ் பெட்டியில் முதல் எண்ணைப் பாருங்கள். கடைக்காரர் இரண்டாவது எண்ணைத்தான் காட்டுவார்.

இன்னொரு தவறையும் நம் பிள்ளைகள் செய்கிறார்கள். "பின்னாடி ஃபுல் ஃபிரேம் வாங்கப் போறேன், லென்ஸை இப்பவே வாங்கிடறேன்" என்று 24-70 வாங்கி கிராப் கேமராவில் மாட்டுகிறார்கள். அதே பட்டாலையில் 24 காட்டும் அகலம் 12 அடிக்கும் குறைவு. பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைத்த கதை. அந்த ஃபுல் ஃபிரேம் மூன்று வருஷம் கழித்தும் வந்திருக்காது. இந்த மூன்று வருஷத்தில் எடுத்த கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றிலும் ஓரத்து ஆள் இருக்க மாட்டார்.

வெளிச்சம் அடுத்தது. செட்டிநாட்டு வீட்டை எடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் இந்தக் கஷ்டம் தெரியும். நடுமுற்றத்தில் வெயில் கண்ணைப் பறிக்கும், நாலு அடி தள்ளித் தாழ்வாரத்தில் இருட்டு. ஃபிளாஷை விட்டத்தில் அடித்து இறக்கலாம் என்றால் மேலே பர்மா தேக்கு. அது வெளிச்சத்தைக் குடித்துவிடும், மிச்சம் மீதி திரும்பினால் மரத்தின் காவி நிறத்தோடு திரும்பும். 18-55 லென்ஸை 55-க்குத் திருப்பினால் அதன் வாய் எஃப் 5.6-க்குச் சுருங்கிவிடும். எஃப் 2.8 நிலையாக உள்ள லென்ஸில் அதைப் போல நாலு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். ஷட்டர் 15-ல் ஒரு பங்கு விநாடி என்று தடுமாறிய இடத்தில் 60-ல் ஒரு பங்கு கிடைக்கும்.

"அதான் நடுக்கம் தாங்குற வசதி லென்ஸ்லயே இருக்கே?" என்று பேரன் கேட்டான். இருக்கிறது. உங்கள் கை நடுக்கத்தை அது தாங்கும், தூணையும் ஆத்தங்குடி ஓட்டுத் தரையையும் கூர்மையாகக் காட்டும். நகரத்தார் தாலியான கழுத்துருவைப் பூட்டும் மாப்பிள்ளையின் கை நடுங்குகிறதே, அதை எந்த வசதியும் நிறுத்தாது. அதற்கு வெளிச்சம்தான் வேண்டும்.

கழுத்துரு என்றதும் என் கதையைச் சொல்லியாக வேண்டும். எண்பதுகளின் கடைசி. சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவர் மூலம் 70-210 ஒன்று வாங்கியிருந்தேன். ஊரில் என்னிடம் மட்டும்தான் அது இருக்கிறது என்று பெருமை. பக்கத்து ஊர் நகரத்தார் கல்யாணத்துக்கு அதை மாட்டிக்கொண்டே போனேன். திருப்பூட்டும் நேரம் நெருங்கியது. கூட்டம் என்னை நெருக்கித் தள்ள, மணமக்களுக்கு மூன்றடி அருகில் நிற்கிறேன். அந்த லென்ஸில் ஃபோகஸே விழவில்லை. அவ்வளவு கிட்டத்தில் அதற்குக் கண் தெரியாது. குனிந்து, பையைத் திறந்து, 35-70-ஐ எடுத்து மாட்டி நிமிர்ந்தேன். கெட்டிமேளம் அடங்கிக்கொண்டிருந்தது. எனக்குக் கிடைத்தது நாலு பேருடைய பின்னந்தலை.

ஆல்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது பெண்ணின் ஆத்தா பக்கம் பக்கமாகத் திருப்பினார். கடைசிவரை போய்விட்டு, திரும்ப முதலிலிருந்து. பிறகு மூடி மடியில் வைத்துக்கொண்டு, "காப்பி சாப்பிடுறியளா?" என்று கேட்டார். ஒரு வார்த்தை ஏசவில்லை. பேசிய பணத்தையும் முழுதாகக் கொடுத்தார். திட்டியிருந்தால் நானும் மறந்திருப்பேன்.

தூரத்தில் நின்று எடுக்கும் லென்ஸைக் குறை சொல்லவில்லை. தைப் பொங்கலை ஒட்டி நடக்கும் சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போகிறவன் 18-50 மாட்டிக்கொண்டு பொட்டலில் இறங்கினால் காளைதான் அவனைப் படம் எடுக்கும். அங்கே 18-140 போன்றதற்கு நியாயம் உண்டு. புழுதியில் லென்ஸ் மாற்றினால் சென்சாரில் மண் விழும் என்பதால் ஒரே லென்ஸ் நல்லதும்கூட. வேட்டங்குடிப் பறவைகளுக்கு என்றால் அதுவும் போதாது, 300-க்கு மேல் தனியாக ஒன்று வேண்டும். வருஷத்துக்கு எத்தனை நாள் மஞ்சுவிரட்டு, எத்தனை நாள் வீடும் முகமும் என்று உங்கள் படங்களையே கேளுங்கள். மைனாவுக்காக அப்பத்தாவை வெட்டக் கூடாது.

கடையில் கிடைப்பதைப் பற்றிக் கொஞ்சம். உள்ளே மிரர் கண்ணாடி இல்லாத புது வகைக் கேமரா வைத்திருப்பவர்களில் பலருக்கு சிக்மா 18-50 எஃப் 2.8 இருக்கிறது. சோனிக்கு வருவதன் எடை 290 கிராம்தான். நடுக்கம் தாங்கும் வசதி அதில் இல்லை. டாம்ரான் 17-70 எஃப் 2.8-ல் அந்த வசதி உண்டு, எடை 525 கிராம். கழுத்தில் மாட்டிப் பாருங்கள், மத்தியானத்துக்கு மேல் வித்தியாசம் தெரியும். பழைய வகை டி.எஸ்.எல்.ஆர். என்றால் சிக்மா, டாம்ரான் இரண்டிலும் 17-50 எஃப் 2.8 பழையதாகக் கிடைக்கும். நிக்கான் 3000, 5000 வரிசைக் கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. டாம்ரானின் ஆரம்ப கால நிக்கான் மாடலிலும் மோட்டார் இல்லை. இரண்டும் சேர்ந்தால் கையால் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். விலை குறைவு என்று தள்ளிவிடுவார்கள், ஏமாந்துவிடாதீர்கள்.

பழையது வாங்குகிறவர்கள் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலை போலக் கோடு ஓடினால் பூஞ்சை. எவ்வளவு கழித்துக் கொடுத்தாலும் வேண்டாம். தினசரித் தாளைச் சுவரில் ஒட்டி, நேர் எதிரே நின்று வாயை முழுதும் திறந்து ஒரு படம் எடுங்கள். இடது ஓரத்து எழுத்து தெளிவாகவும் வலது ஓரத்து எழுத்து கலங்கியும் இருந்தால் அந்த லென்ஸ் எங்கோ கீழே விழுந்திருக்கலாம்.

இதெல்லாம் வாங்க முடியாவிட்டால்? பக்கத்துக் கோட்டையூரில் 1911-ல் பிறந்த ஏ.கே. செட்டியார் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் போய் ஒளிப்படக் கலை படித்தவர். கருவி அருமை தெரியாதவர் இல்லை. அவர் 1940-ல் வெளியிட்ட காந்தி ஆவணப்படத்தில் பெரும்பகுதி அடுத்தவர்கள் எடுத்ததுதான். 30 ஆண்டுகளில் சுமார் 100 பேர் எடுத்த சுருள்களை நாடு நாடாகப் போய்த் தேடினார். 50,000 அடி சேர்ந்தது, அதில் 12,000 அடியைத்தான் வைத்துக்கொண்டார். அந்த நூறு பேரும் என்ன லென்ஸ் வைத்திருந்தார்கள் என்று இன்றைக்கு யாரும் கேட்பதில்லை. காந்தி நடந்தபோது எதிரே நின்றார்கள், அது போதும்.

பேரன் கடைசியில் சிக்மா 17-50 ஒன்றைப் பழையதாக வாங்கினான். 16 கிடைக்கவில்லையே என்று எனக்குத்தான் கொஞ்சம் குறை. அதை வைத்து அவன் முதலில் எடுத்தது எங்கள் தெருக்கோடி வீடு. அடுத்த வாரம் பிரிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினான். இன்றைக்கு அந்த இடம் வெறும் மனை. தூண்களும் நிலைக்கதவும் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகள் பக்கம் போயிருக்கும்.

உங்கள் ஊர் வீடும் பூட்டித்தான் கிடக்கிறதென்றால், சாவி வைத்திருப்பவருக்கு இன்றைக்கே ஒரு போன் போட்டுவிடுங்கள். கையில் இருக்கிற 18-55-ஐ எடுத்துக்கொண்டு போங்கள். காலை ஒன்பது மணிக்குள் போனால் முற்றத்து வெயில் சாய்வாக இருக்கும்.