மண் எவ்வளவோ மான் அவ்வளவு

எங்கள் வகுப்பில் கூடலூர்க்காரன் ஒருத்தன் இருக்கிறான். சென்னையில் எதைக் காட்டினாலும் "எங்க ஊர்ல இதைவிடப் பெரிசு" என்பான். மழை, மரம், பலாப்பழம், அட்டைப்பூச்சி, எல்லாமே. போன மாதம் கிண்டி தேசியப் பூங்காவில் புள்ளிமான்களைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஒரு மானாடா? முதுமலைக்கு வந்து பாரு" என்று ஆரம்பித்தான். நான் ராஜா அண்ணாமலைபுரத்துக்காரன். கிண்டி அடையாற்றுக்கு அந்தக் கரைதான் என்றாலும் கிண்டி மான் எங்கள் மான்தானே! ரோஷம் வந்துவிட்டது.

ஒரே ஒரு தரம் பார்த்து மானை எடை போட முடியாது. வயது, பருவம், மழை எல்லாம் சேர்ந்துதான் உடம்பு. வெயில் காலத்தில் விலா எலும்பு தெரிய நிற்கும் அதே மான், ஐப்பசி மழைக்குப் பிறகு பளபளவென்று இருக்கும். ஆனால் அவன் கிளப்பிவிட்ட கேள்வி நல்ல கேள்வி. ஒரே இனத்து மான் ஒரு ஊரில் பெரிதாகவும் இன்னொரு ஊரில் சிறிதாகவும் ஏன் இருக்கிறது? பழைய வேட்டைக்காரர்கள் டேப் வைத்துக் கொம்பை அளந்து எந்தக் காட்டில் பெரிய கொம்பு என்று பட்டியல் போட்டதெல்லாம் இந்தக் கேள்வியால்தான். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டை நின்றது. கேள்வி நிற்கவில்லை.

பாடப்புத்தகப் பதில் ஒன்று உண்டு. 1847-ல் கார்ல் பெர்க்மன் என்ற ஜெர்மானியர் சொன்னது: குளிர் கூடக் கூட விலங்கின் உடம்பும் பெரிதாகும், பெரிய உடம்பு சூட்டைச் சீக்கிரம் இழக்காது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் 1987-ல் கனடாவின் வலேரியஸ் கைஸ்ட் இதை மறுத்தார். வடக்கே போகப் போக மான்கள் பெரிதாகிக்கொண்டே வந்து, ஒரு எல்லைக்கு மேல் மறுபடி சிறுத்துவிடுகின்றன. குளிர்தான் காரணம் என்றால் துருவத்தில் அல்லவா ராட்சத மான் இருக்க வேண்டும்? வளரும் பருவத்தில் ஒவ்வொரு விலங்குக்கும் எவ்வளவு நல்ல தீனி, எத்தனை நாள் கிடைக்கிறது என்பதுதான் கணக்கு என்றார் அவர்.

இதற்கு நான் படித்ததிலேயே அசத்தலான சாட்சி செயின்ட் மேத்யூ தீவு. அலாஸ்காவுக்கு மேற்கே பெரிங் கடலில், மனிதர் குடியிராத தீவு. 1944-ல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை அங்கே 29 ரெயின்டீர்களை இறக்கிவிட்டது. (கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டியை இழுக்குமே, அதே மான்தான்.) தரை முழுக்க லைக்கன். நம் வீட்டில் குழம்புக்குப் போடும் கல்பாசி அந்த வகைதான். ஓநாய் கிடையாது, போட்டி கிடையாது, ராஜ வாழ்க்கை! 1957-ல் டேவிட் கிளைன் என்ற ஆய்வாளர் போய்ப் பார்த்தபோது 1,350 மான்கள். வளர்ப்பு மந்தைகளில் இருக்கும் ரெயின்டீர்களைவிடப் பெண் மான்கள் 24 முதல் 53 சதவீதமும், ஆண்கள் 46 முதல் 61 சதவீதமும் அதிக எடை!

1963-ல் திரும்பப் போனார். 6,000 மான்கள். லைக்கன் மெதுவாக வளரும் சாதி, அதை மேய்ந்து தரையாக்கிவிட்டிருந்தன. வளர்ந்த பெண் மான்களின் எடை 1957-ல் இருந்ததைவிட 38 சதவீதமும், ஆண்களின் எடை 43 சதவீதமும் குறைந்திருந்தது. அதே தீவு, அதே குளிர், அதே வம்சம். ஆறே வருடம்! அடுத்து வந்த கடும் குளிர்காலத்தில் கூட்டமே சரிந்தது. 1966-ல் எண்ணியபோது மிஞ்சியவை 42.

இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

தாயின் வயிற்றிலேயே இது தொடங்கிவிடுகிறது. ஸ்காட்லாந்தின் ரம் தீவில் செம்மான்களைப் பல பத்தாண்டுகளாகப் பின்தொடர்கிறார்கள். வசந்தம் குளிராக இருந்து புல் தாமதமாக முளைத்த வருடங்களில் குட்டிகள் எடை குறைவாகப் பிறக்கின்றன என்று அங்கே கண்டார்கள். தாய் பட்ட பட்டினி குட்டியின் உடம்பில் வரவாகிவிடுகிறது.

கொம்பு இன்னும் சுவாரசியம். மான் கொம்பு என்பது எலும்பு. விழுந்து விழுந்து புதிதாக முளைக்கும். (வெளிமானின் கொம்பு விழாது, அது வேறு ரகம்.) சில மாதங்களில் அவ்வளவு எலும்பு வளர்க்கத் தேவையான சுண்ணாம்புச்சத்தும் பாஸ்பரஸும் தீனியில் மட்டும் கிடைத்துவிடாது. மான் தன் விலா எலும்பிலிருந்து கடன் வாங்கும். அப்புறம் மேய்ந்து மேய்ந்து அடைக்கும். காட்டில் மான்கள் உப்பு மண்ணை நக்குவதும், கீழே கிடக்கும் கொம்பையும் எலும்பையும் கடிப்பதும் இந்தப் பற்றாக்குறைக்காகத்தான். மண்ணில் இல்லாதது புல்லில் வராது, புல்லில் இல்லாதது கொம்பில் வராது.

கொங்குப் பக்கம் இது ஆய்வு இல்லாமலே தெரிந்த விஷயம். காங்கேயம் காளையின் வலுவுக்குக் காரணம் கேட்டால் கொறங்காட்டையும் கொழுக்கட்டைப் புல்லையும் சுண்ணாம்பு மண்ணையும்தான் காட்டுவார்கள்.

அதற்காகப் பச்சையாகத் தெரிவதெல்லாம் தீனி என்று நினைக்க வேண்டாம். ஆள் உயரத்துக்கு வளர்ந்து முற்றிய புல் வெறும் நார். புள்ளிமானுக்குக் குட்டையான இளம்புல்தான் இஷ்டம். உன்னிச்செடி பரவிய இடம் தூரத்தில் பச்சைப்பசேல் என்றிருக்கும், கிட்டே போனால் மான் வாய் வைக்க ஒன்றும் இருக்காது. முதுமலையில் ஏராளமாக மண்டிக் கிடப்பது அந்த உன்னிதான். கூடலூர்க்காரன் கவனிக்க :-)

எங்கள் வீட்டிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. தாத்தா கூலி வேலைக்குப் போய்க் கூழ் குடித்து வளர்ந்தவர். அப்பா 1982-ல் வந்த சத்துணவுத் திட்டத்தில் சாப்பிட்டு வளர்ந்தவர், தாத்தாவைவிட அரைச்சாண் உயரம். நான் அப்பாவைவிட உயரம். மூன்று தலைமுறைக்குள் ரத்தம் மாறிவிடவில்லை, தட்டுதான் மாறியது. ஒருத்தன் குள்ளமாக இருந்தால் "அது அவங்க பரம்பரை அப்படி" என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். அவன் அம்மா என்ன சாப்பிட்டாள் என்று யாரும் கேட்பதில்லை.

இப்போது கிண்டிக்கு வருவோம். 1910-ல் காப்புக்காடாக அறிவித்தபோது சுமார் 5 சதுர கிலோமீட்டர். பிறகு ஐ.ஐ.டி., நினைவு மண்டபங்கள் என்று பகுதி பகுதியாகப் போய், 1978-ல் தேசியப் பூங்கா ஆனபோது மிஞ்சியது சுமார் 2.7. சுற்றிலும் சுவரும் சாலையும். புலி, சிறுத்தை கிடையாது. கோடையில் புல் காய்ந்தால் முதுமலை மான் ஆற்றங்கரைக்கு நகர்ந்துவிடும், கிண்டி மான் எங்கே நகரும்? சர்தார் படேல் சாலைக்கா? எங்கள் பக்கத்துப் பேட்டையின் பெயரே மந்தைவெளி. மந்தை மேய்ந்த வெளி என்பார்கள், இன்று அங்கே ஒரு கன்றுக்குட்டி மேய இடம் கிடையாது.

இப்படி அடைபட்ட மானுக்கு நாம் செய்யும் உபகாரம், வேலி வழியாகச் சிப்ஸும் பிஸ்கட்டும் நீட்டுவது. அப்புறம் அந்தக் கவரையும் அங்கேயே போடுவது. நகரத்துச் செத்த மான்களின் வயிற்றை அறுத்தபோது பிளாஸ்டிக் பைகள் கிடைத்திருக்கின்றன. வயிறு நிறைந்திருக்கும், உடம்புக்கு ஒன்றும் சேராது.

ஆக, கூடலூர்க்காரனுக்கு என் பதில் இதுதான். உங்கள் மான் பெரிதென்றால் அந்தப் பெருமை மானுக்கோ ஊருக்கோ இல்லை, காலடி மண்ணுக்கு. எங்கள் மான் இளைத்திருந்தால் மானைக் கேலி செய்யாதே. அது மேய வேண்டிய நிலத்தில் கட்டடம் கட்டிக்கொண்ட எங்களைக் கேள்.